அசலும் அவசரமும்: சேலம், நாமக்கல் சமவெளிக் குடும்பங்களின் கடன்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே காவிரிக்கரை வரையிலும், கிழக்கே கொல்லிமலைச் சரிவு வரையிலும் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளிக் குடும்பங்களின் வரவு செலவைக் கூர்ந்து நோக்குவோர்க்கு முதலில் தென்படும் விசேஷம், வருமானம் சிறிதா பெரிதா என்பதன்று. பணம் வரும் முறையும் அது போகும் முறையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே ஆகும். அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிறவருக்குக் கூலி வாரக் கணக்கில் வருகிறது. ஆத்தூர், இராசிபுரம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு போட்டவருக்குப் பத்து மாதம் காத்திருந்தபின் ஜவ்வரிசி ஆலை பேசும் விலைக்கு ஒரே தவணையில் வருகிறது. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரருக்கு நடை கிடைத்தால் வருகிறது, கிடைக்காவிட்டால் வருவதில்லை. ஆயினும் வண்டிக்கடனின் டியூ மட்டும் மாதந்தவறாமல் வாசலில் வந்து நிற்கிறது. செலவோ இவற்றில் எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டதன்று. தகப்பனாருக்கு நெஞ்சுவலி வருவதும், ஆயிரம் அடி தோண்டிய போர் தண்ணீரின்றிப் புழுதி கக்குவதும், அக்காள் மகள் பெரியவளாகி மாமன் சீர் செய்ய வேண்டிய நாள் வருவதும் வாரக் கூலியையோ கிழங்கு வெட்டையோ பார்த்து வருவன அல்ல.

இந்தப் பொருந்தாமையின் மேல்தான் கடன் வளர்கிறது. ஊதாரித்தனத்தாலும் அறியாமையாலும் ஏழைகள் கடன்படுகிறார்கள் என்ற அபிப்பிராயம் பழையது. வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்புகளிலும் அது உண்டு, இன்று வங்கி மேலாளர்களின் பேச்சிலும் அது உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கடனில் இருக்கும் குடும்பங்கள் தங்கள் கணக்கை மிக நன்றாக அறிந்தவை. எந்தக் கடனுக்கு எந்தக் கிழமை, யாருக்கு எத்தனை வட்டி, எந்த நகை எந்தக் கடையில் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அவர்கள் கையில் இல்லாதது கணக்கறிவு அன்று. அடுத்த அவசரம் வரும்போது அதைத் தாங்குவதற்கான சிறு கைப்பணமும், அதைக் குறைந்த வட்டிக்குத் தரக்கூடிய ஓர் இடமுமே. ஒரு குடும்பத்தின் கடன் தீருமா தீராதா என்பதை நிர்ணயிப்பது பழைய கடனின் பருமனைவிட, அடுத்து வரும் எதிர்பாராத செலவு எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதே என்பது என் துணிபு.

வட்டிக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இப்பகுதியில் வட்டியைச் சொல்லும் வழக்கு மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்பது. ‘மூன்று வட்டி’ என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஒரு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிய குடும்பம், மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடிந்ததாக வைத்துக்கொள்வோம். வட்டிபோக மீதியை அசலில் வரவு வைத்துக்கொள்ளும் கடன்காரர் அமைந்தால் 31 மாதங்களில், மொத்தம் 1,55,000 ரூபாயோடு, கடன் தீர்ந்துவிடும். ஆனால் ஊர்க்கடன் கொடுப்போரிற் பலர் அசலைத் துண்டு துண்டாக வாங்குவதில்லை. வட்டி மாதாமாதம் வரவேண்டும், அசல் கொடுத்தபடியே முழுசாகத் திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் நியமம். அப்போது 3,000 ரூபாய் வட்டிக்குப் போக, மாதம் 2,000 ரூபாயாகச் சேர்த்து லட்சத்தை எட்டுவதற்கு 50 மாதங்கள் ஆகும். வட்டி மட்டுமே 1,50,000 ரூபாய், அசலோடு சேர்த்து இரண்டரை லட்சம். அதே கடன் ஒரு வட்டிக்கு, அசல் கழிகிற முறையில் கிடைத்திருந்தால் 23 மாதங்களில், ஏறத்தாழ 1,12,000 ரூபாயில் முடிந்திருக்கும். இங்கே வட்டி விகிதத்தின் கொடுமையை எல்லோரும் பேசுகிறார்கள். அசலைச் சிறுகச் சிறுக வாங்க மறுப்பதன் கொடுமையைப் பேசுவோர் குறைவு. அந்த ஐம்பது மாத காலமும் தனியே சேர்த்து வைத்த பணம் வீட்டிலோ சீட்டிலோ கிடந்து, இடையில் ஒரு வியாதி வந்தால் கரைந்துபோகும். வட்டி கட்டிய காலமெல்லாம் வீணாகி, அசல் அப்படியே நிற்கும்.

தினந்தோறும் வசூலாகும் தண்டல் கடன் இதனினும் கடுமை. உதாரணமாக, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரமாக வசூலிப்பதில், கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். ஆயினும் காய்கறிக் கடைக்காரியும் தள்ளுவண்டிக்காரரும் தண்டலையே நாடுவதற்குக் காரணம் உண்டு: அவர்களுடைய தினசரி வருமானத்தோடு பொருந்தி வரும் கடன் அது ஒன்றே. அதே தினசரி வசூலை நியாயமான வட்டியில் செய்யும் ஸ்தாபனம் எதையும் நாம் அவர்களுக்கு உண்டாக்கித் தரவில்லை.

இந்தப் பிரச்னை இன்று நேற்று வந்ததன்று. 1792இல் சேலம் பகுதியும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே செய்த நிலவரி ஏற்பாட்டிலிருந்துதான் பின்னர் சென்னை ராஜதானி முழுவதும் பரவிய இரயத்துவாரி முறை பிறந்தது. விளைச்சல் எப்போது வந்தாலும் கிஸ்தி குறித்த நாளில் பணமாகக் கட்டப்பட வேண்டும் என்ற விதி ஏற்பட்டதும், கிஸ்திக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடந்து செல்லக் கடன்காரர் அவசியமாகிவிட்டார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. நூற்றாண்டின் இறுதியில் ஃப்ரெடரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்காக விவசாய வங்கிகளைப் பற்றி எழுதிய விரிவான அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமங்களில் நிறுவிய கூட்டுறவுச் சங்கங்களையே நமக்கும் மார்க்கமாகக் காட்டியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. எண்ணம் மிக உயர்ந்தது. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 1951–52ஆம் ஆண்டைப் பற்றி ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று மட்டுமே என்று கண்டது.

இந்தச் சமவெளிக்கு இக்கதையில் ஒரு தனி இடம் உண்டு. சேலம் நகரசபைத் தலைவராயிருந்து, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, கதரையும் மதுவிலக்கையும் ஏழைக் குடும்பத்தின் பொருளாதாரத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தே பார்த்தவர். கல்கியின் துணையோடு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகை அந்த ஆசிரமத்திலிருந்துதான் வெளிவந்தது. 1937இல் அவர் சென்னை ராஜதானியின் பிரதமராகப் பொறுப்பேற்றதும், அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி நாட்டிலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலாக்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். அடுத்த ஆண்டே சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் சேர்ந்திருந்த வட்டிப் பாக்கி தள்ளுபடியாயிற்று. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாக வைக்கப்பட்டது. இனி வரும் வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி (பை), அதாவது ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம் என்று வரையறுக்கப்பட்டது. வருமானம் வீட்டுக்கு வந்து சேரும்படி செய்வது ஒரு கையாலும், பழைய சுமையை இறக்குவது மறு கையாலுமாக, இரண்டையும் ஒருங்கே செய்த அரசு அதற்குப் பின் ஒன்றும் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் அச்சட்டத்துக்கு ஒரு பெரிய எல்லை இருந்தது. ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு அது தந்த இலக்கணம் நிலத்தில் உரிமை உள்ளவரையே சார்ந்தது; சேலத்துத் தறிக்காரரும் நிலமற்ற கூலியாளும் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். பழைய கடனைக் குறைத்த சட்டம், புதிய அவசரத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை சொல்லவில்லை. வட்டி குறைக்கப்பட்ட கடன்காரர் மறுமுறை கதவைத் திறக்கத் தயங்குவது இயல்பே. இதே குறைபாட்டை, ஏறத்தாழ அதே உருவத்தில், பின்வந்த தள்ளுபடிகள் அனைத்திலும் காண்கிறோம். 2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடன், 2016இல் சிறு குறு விவசாயிகளின் கடன், 2021 பிப்ரவரியில், சேலம் மாவட்டத்து எடப்பாடியைச் சேர்ந்தவரே முதலமைச்சராயிருந்தபோது, 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன், அதே ஆண்டு ஆட்சி மாறியபின் கூட்டுறவில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் என்று தள்ளுபடிகள் தொடர்ந்தன. அடகிலிருந்து நகை வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் தள்ளுபடியானவை யாவும் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய, வட்டி குறைந்த கடன்கள். குடும்பத்தின் உதிரத்தை உறிஞ்சும் கடன் கைமாற்றிலும், வார வசூலிலும், விசைத்தறி முன்பணத்திலும் கிடக்கிறது.

முன்பணம் என்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் தறி ஓட்ட வருகிறவர், கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ தறி முதலாளியிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்வது நெடுநாளைய வழக்கம். வட்டி என்று ஒன்றும் வாயால் சொல்லப்படாமலே, வேறிடத்தில் அதிகக் கூலி கிடைத்தாலும் பாக்கியைத் தீர்க்காமல் போக முடியாது என்ற நிர்ப்பந்தமே வட்டியாக அமைகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆனால் முன்பணத்தை விட்டால் அவசரத்துக்கு வேறு வழி இல்லாத இடத்தில் சட்டத்தைத் தொழிலாளியே தேடிப் போவதில்லை. 2025 ஜூலையில், பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைப்பதற்காகத் தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியாயிற்று. அரசு விசாரணைக் குழு அமைத்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. தரகர்களைத் தண்டிப்பது அவசியம். ஆனால் உடலின் ஓர் உறுப்பை விற்று வந்த பணமும் வட்டியிலும் அசலிலும் கரைந்து, அடுத்த வியாதிக்கு மறுபடியும் முன்பணமே கதி என்று ஒருவர் நிற்பாரானால், அந்தக் குற்றத்துக்குத் தரகர் மட்டுமே பொறுப்பாக முடியுமா?

வியாதியே எதிர்பாராத செலவுகளுள் தலையாயது. 2009இல் தொடங்கி இன்று முதலமைச்சரின் பெயரால் நடைபெறும் காப்பீட்டுத் திட்டம், குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கட்டணமின்றி வைத்தியம் நடக்கிறது. இவை பல குடும்பங்களைக் காப்பாற்றியுள்ளன. இருந்தும் கடன் ஏற்படுகிறதே, ஏன்? அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் தனியார் ஸ்கேன் கூடங்களில் செலவழிவதற்கும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர் இழக்கும் கூலிக்கும், படுத்தவரின் தறி நின்றுபோகும் மூன்று மாதத்துக்கும் காப்பீடு இல்லை. வைத்தியச் செலவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இழந்த கூலியே. அதை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி, உறவுக் கடமைகள். கொங்கு நாட்டோடு ஒட்டிய இந்தச் சமவெளியில் சீர் என்பது வெறும் ஆடம்பரம் அன்று. பெண் பெரியவளாகும்போது செய்யும் தெரட்டிச் சீர், காதுகுத்து, எழுதிங்கள், வளைகாப்பு, இறப்பில் பிறந்த வீட்டார் போடும் கோடி என ஒவ்வொன்றும், பிறந்த வீட்டில் பெண்ணுக்குள்ள உரிமையை ஊரறியப் புதுப்பிக்கும் சடங்கு. சொத்தில் சம பங்கு சட்டப்படி இருந்தும் கையில் கிடைக்காத அநேகப் பெண்களுக்கு, அண்ணன் தம்பி செய்யும் சீரே நடைமுறையில் கிடைக்கும் பங்கு. மொய்யோ, வட்டியில்லாமல் ஊரார் சேர்ந்து கொடுக்கும் கடன். மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆகவே ‘கடன் தீரும்வரை சீரை நிறுத்து’ என்று உபதேசம் செய்வோர், குடும்பத்தின் ஒரே காப்புறுதியைக் கைவிடச் சொல்கிறார்கள் என்பதை உணரவேண்டும். இன்று மாமன் சீரைத் தவறவிட்டவருக்கு நாளை ஆஸ்பத்திரி வாசலில் கைமாற்றுக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

அதேசமயம், சீரின் அளவு பெருகிக்கொண்டே போவதன் மறுபக்கத்தையும் இந்த மாவட்டம் மிகக் கொடிய விதத்தில் கண்டிருக்கிறது. பெண்ணைப் பெற்றால் வரும் வரதட்சணைச் செலவின் பயம் பெண்சிசுக் கொலையில் ஒரு காரணமாக நின்றதனால்தான், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. சடங்கைக் காப்பதும் அதன் பருமனைச் சுருக்குவதும் வேறு வேறு. மண்டபமும், விளம்பரத் தட்டிகளும், நூறு தட்டு வரிசையும் இல்லாமலே மாமன் சீர் மாமன் சீராக இருக்கும். இதைத் தனி ஒரு குடும்பம் செய்தால் ‘கையில் இல்லை’ என்ற அவமானம் அதன் தலையில் விழும். பங்காளிகள் கூடிப் பேசி, அனைவரும் ஒரே அளவில் நிற்பதென்று முடிவு செய்தால் அவமானத்துக்கு இடமில்லை.

மதுவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. முதலில் மதுவிலக்குக் கண்ட சேலத்தில் இன்று டாஸ்மாக் கடைகள் இருக்கின்றன. 2024–25இல் மாநிலம் முழுவதும் அரசுக்கு இதனால் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் முதல் வருகிறது. அது மூன்று வட்டிக் கடனில் ஏறத்தாழ 33,000 ரூபாயின் வட்டியைத் தாங்கும். ஆண் குடிக்கும் வீட்டில் அந்த ஆயிரமும் எங்கே போகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் குழுக்களின் வரலாறு இதே மண்ணோடு தொடர்புடையது. 1989இல் சர்வதேச நிதியுதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், விரைவிலேயே சேலத்துக்கும் பரவிற்று. உறுப்பினர்கள் சந்தாவாகச் சேமித்து, தமக்குள்ளேயே சுழற்றிக்கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் அவசரத்துக்குச் சிறு கடன் உடனே கிடைத்தது. அசலும் சிறுகச் சிறுகக் கழிந்தது. ஆனால் பின்னர் வந்த நுண்கடன் நிறுவனங்கள் குழுவின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, சேமிப்பை விட்டுவிட்டன. தவணை நாளில் ஒருத்தியிடம் பணம் இல்லையானால் மற்றவர்கள் போட வேண்டும். அதற்குப் பயந்து ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொன்றில் வாங்குவது வழக்கமாயிற்று. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்தது. ஆனால் தறிக்கூலியின் ‘மாத வருமானம்’ என்பதே கடன் கொடுக்க வருகிறவர் எழுதிக்கொள்ளும் எண்ணாக இருக்கையில், அவ்விதி எவ்வளவு தூரம் காக்கும்? கந்துவட்டியைத் தடுக்க 2003இலும், வசூலில் வன்முறையைத் தடுக்க 2025இலும் மாநிலம் சட்டங்கள் செய்தது. அவை மிரட்டலிலிருந்து காக்கும், அவசரத்திலிருந்து காக்கா.

அப்படியானால் இன்று கடனில் இருக்கும் குடும்பம் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடனை அடைப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அடைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். மூன்று வட்டிக் கடன் நிற்கும்போது பணத்தைச் சும்மா வைப்பது கணக்குக்கு விரோதம் என்று தோன்றும். ஆனால் கையிலுள்ள அனைத்தையும் கடனில் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் குழந்தையின் காய்ச்சலுக்குத் தண்டல் வாங்குகிற குடும்பம், மூன்று வட்டியைக் குறைத்துப் பத்து வட்டியை ஏற்றுக்கொள்கிறது. ஒரு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையேனும் கையில் நிற்கவேண்டும். அதன்பின், வட்டி அதிகமுள்ள கடனை முதலில் பிடிக்க வேண்டும். அசலைத் துண்டாக வாங்கச் சம்மதிக்கும் கடன்காரரைத் தேடி, மறுப்பவரின் கடனை அவரிடம் மாற்ற வேண்டும். அடகுக்கடையில் ஆண்டுக்கணக்காக வட்டி கட்டித் திருப்பித் திருப்பி வைக்கும் நகையில் ஒரு பங்கை விற்றுவிட்டு, மீதியை மீட்பது பல சமயம் நல்லது. தாலிக்கொடியை விற்பது பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஆனால் தோடும் வளையலும் வட்டிக்கடையிலேயே மூழ்குவதைக் காட்டிலும் விலைக்குப் போவது மேல். ஏலச்சீட்டில் சேருவதானால் பதிவு பெற்ற சீட்டில் சேர்ந்து, தள்ளுக்கு ஆசைப்படாமலும் அவசரப்பட்டு எடுக்காமலும் கடன் அடைக்கும் மாதத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் குடும்பத்தின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி இந்தப் பிரச்னையை விட்டுவிடக்கூடாது. ஒரு பழைய ஏற்பாட்டை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றியது. ராஜதானி முழுவதும் அதோடு இணைந்த சங்கங்கள் கொடுத்த நீண்டகாலக் கடனின் பெரும்பகுதி கிணறு வெட்டவோ மாடு வாங்கவோ அல்ல, பழைய வட்டிக்கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது. நிலத்தை ஈடாக வைத்து, குறைந்த வட்டியில், பல ஆண்டுத் தவணையில், அசல் கழிந்துகொண்டே போகும் முறை அது. பிற்காலத்தில் கடன் உற்பத்திக்கே கொடுக்கப்பட வேண்டும் என்ற கொள்கை மேலோங்க, பழைய கடனைத் தீர்க்கும் கடன் என்ற எண்ணமே அநாவசியம் என்று ஒதுக்கப்பட்டது. என் அபிப்பிராயத்தில் அது பெரும் பிழை. 2019இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, நாட்டின் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 35 கடனில் இருப்பதைக் காட்டியது. தென் மாநிலங்களில் அந்த விகிதம் இன்னும் உயர்வு. இவர்களிற் பலரிடம் அடமானம் வைக்க நிலம் இல்லை. ஆனால் வாராவாரம் வரும் கூலி இருக்கிறது. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஏற்கும் பொறுப்பு இருக்கிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களும், ஊர்தோறும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இருக்கின்றன. இச்சங்கங்கள் முன்பணத்தையும் மூன்று வட்டிக் கடனையும் நேரே கடன்காரரிடம் செலுத்தி மீட்டு, வாரத் தவணையில் அசலோடு சேர்த்து வசூலித்து, ஒவ்வொரு தவணையிலும் ஒரு சிறு தொகையை அக்குடும்பத்தின் பெயரிலேயே அவசர நிதியாக வரவு வைத்து, வியாதிக்கும் சாவுக்கும் கேட்ட அன்றே அதிலிருந்து எடுத்துக்கொடுக்குமானால், தண்டல்காரரின் வாசலுக்குப் போக வேண்டிய தேவையே பெரிதும் குறையும். பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் இதை முதலில் தொடங்கலாம். தள்ளுபடிக்குச் செலவிட்ட கோடிகளில் ஒரு சிறு பங்கே இதற்கு ஆரம்ப மூலதனமாகப் போதும்.